எண்பத்திரண்டு கிலோ

தில்லியில் நான் டிரைவராக இருந்த இடத்தில் ஒரு அக்கா இருந்தார். அவருடைய எடை எண்பத்திரண்டு கிலோ. இது என் கணக்கு இல்லை, அவருடைய கணக்கு. முழங்கால் வலிக்காக ஒரு தடவை அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அங்கே ஒரு மெஷினில் ஏறச் சொல்லி நர்ஸ் அந்த எண்ணைச் சொன்னாராம். அத்தோடு அந்த விஷயம் தீர்ந்துவிட்டது என்று அக்கா எடுத்துக்கொண்டார். பிறந்த ஊர், நட்சத்திரம், எடை ஆகிய மூன்றும் ஒருவருக்கு மாறாது என்பது அவர் எண்ணம்.

நான் வேலை கேட்டுப் போன அன்று அவர் என் லைசென்ஸைப் பார்க்கவில்லை. இளஞ்சிவப்பில் ஒரு எடை மெஷினைத் தரையில் போட்டு அதன்மேல் ஏறச் சொன்னார். வசதியானவர்கள் குளியலறையில் வைத்திருப்பார்களே, கண்ணாடிக்குள் முள் ஓடுகிற தட்டையான மெஷின், அதுதான். கிட்வாய் நகரில் ஒரு ஆபீசர் வீட்டம்மா மாற்றலாகிப் போகும்போது அக்காவுக்குக் கொடுத்தது. அந்த அம்மாவுக்கு அது அதிகமாகக் காட்டியதாம். அக்காவுக்குச் சரியாக எண்பத்திரண்டு காட்டியது. அதனால் அது நல்ல மெஷின்.

நான் ஏறினேன். முள் ஐம்பத்தொன்றில் நின்றது.

"அம்பத்தொண்ணு," என்று மாவு ஆட்டிக்கொண்டிருந்த, அவருக்கு உதவியாக இருந்த செல்வியிடம் சொன்னார். "ஒரு அண்டா தூக்க ஆவாது. சரி, வண்டி ஓட்டத்தான வந்திருக்கறான், இழுக்கவா வந்திருக்கறான். எந்த ஊரு?"

கோவில்பட்டி என்றேன். அன்றிலிருந்து என் பெயர் கோவில்பட்டி. எட்டாவது முடிக்காமல் ஊரைவிட்டுக் கிளம்பி, திருப்பூர், சூரத், நாசிக் என்று சுற்றி, கடைசியில் தில்லிக்கு வந்து சேர்ந்திருந்தேன். தங்கியிருந்த குடிசையைப் போன வாரம்தான் இடித்திருந்தார்கள். படுக்க இடம் இல்லை என்பதைச் சொன்னேன். பிக்கப் வண்டியின் பின்னால் படுத்துக்கொள், கொசு இருக்கும் என்றார். இருந்தது.

அக்காவுக்குச் சின்னசேலம் பக்கம். தொழில் சமையல். மோதி பாக், கிட்வாய் நகர் பக்கமெல்லாம் தமிழ் வீடுகளில் விசேஷம் என்றால் அக்காவைக் கூப்பிடுவார்கள். அவர் சமையலறையே கிளம்பி வரும். கல்யாணங்களுக்கு ஜெனரேட்டர் ஏற்றிப்போகிற இரண்டு சக்கர டிராலி ஒன்றைப் பழைய இரும்பில் வாங்கி, ஜெனரேட்டர் இருந்த இடத்தில் அடுப்பு, தோசைக்கல், இட்லிக் கொப்பரை, கிரைண்டர், சிலிண்டர், தண்ணீர் டிரம் எல்லாம் ஏற்றியிருந்தார். அதை பிக்கப்பின் பின்கொக்கியில் மாட்டி நான் இழுக்க வேண்டும். முன்னால் நானும் அக்காவும் செல்வியும். மூன்று பேர் உட்காரும் இடத்தில் ஒன்றரை இடம் அக்காவுடையது.

இரண்டு சக்கர டிராலியில் ஒரு சங்கடம் உண்டு. மாட்டுவண்டியில் போனவர்களுக்கு இது தெரியும். பாரம் பின்னால் போய்விட்டால் வண்டி முன்னால் எழும்பும். மாடு என்றால் கழுத்தைத் தூக்கிக் காட்டிவிடும். பிக்கப்புக்குக் கழுத்து கிடையாது. ஓரளவு வேகம் வரும்வரை ஒன்றும் தெரியாது. மேம்பாலத்தில் இறங்கும்போது டிராலியின் பின்பக்கம் வலதுக்கும் இடதுக்கும் போக ஆரம்பிக்கும். ஆட்டம் பெரிதானால் முன்வண்டியையும் சேர்த்துத் திருப்பிவிடும். இதைத் தடுக்க ஒரே வழி, முன்பாரம் போதுமான அளவு இருக்க வேண்டும். டிராலியின் முன்னால் நீட்டிக்கொண்டு கொக்கியில் போய் உட்காருகிற கம்பி இருக்கிறதே, அது கொக்கியை நன்றாக அழுத்த வேண்டும்.

அந்தக் கம்பிக்கு மாயாபுரியில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த சர்தார்ஜி வைத்த பெயர் ஜபான். நாக்கு. அக்காவும் அதை நாக்கு என்றே சொல்வார். காலையில் எழுந்ததும் "நாக்கு எத்தினி இருக்குது பாரு" என்று அவர் குரல் கேட்டால், புதிதாக வந்தவர்கள் யாரோ வைத்தியர் வீடு என்று நினைத்துக்கொள்வார்கள்.

நான் வருவதற்கு முன்பு ஒரு விபத்து நடந்திருந்தது. அப்போதிருந்த டிரைவர் தண்ணீர் டிரம்மையும் சாம்பார் அண்டாவையும் டிராலியின் பின்கோடியில் ஏற்றிவிட்டார். அக்காவின் வீட்டுக்காரர் அண்டா சாயாமல் பிடித்துக்கொள்ள டிராலியிலேயே ஏறிக்கொண்டார். மேம்பாலம் இறங்கும்போது டிராலி வாலாட்டி ஒருக்களித்துச் சாய்ந்தது. யாரும் சாகவில்லை. சாம்பார் முழுவதும் அவருடைய இரண்டு பாதங்களிலும் இறங்கியது. பல மாதம் படுத்திருந்து எழுந்தார், கொஞ்சம் சாய்த்துச் சாய்த்து நடப்பார். அதற்கப்புறம் சாம்பார் தொட மாட்டார். சமையல்காரியின் புருஷன் ரசம் மட்டும் ஊற்றிச் சாப்பிடுவதை வாடிக்கைக்காரர்கள் பார்த்துவிடக் கூடாது என்று விசேஷ வீடுகளுக்கு அவரை அக்கா அழைத்துப் போவதில்லை.

அப்போதுதான் அக்கா ஒரு சபதம் போட்டார். டிராலி இன்னொரு தடவை வாலாட்டினால் அன்றைக்கே அதை விற்றுவிட்டு, பழையபடி வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போய்விடுவேன் என்று. சும்மா சொன்னதில்லை. பத்து வீட்டில் பாத்திரம் தேய்த்துத்தான் அந்த டிராலியை வாங்கியிருந்தார். மறுபடியும் அந்த வீடுகளின் பின்வாசலில் போய் நிற்பதென்றால் என்ன என்று அவருக்குத் தெரியும்.

சர்தார்ஜி ஒரு விதி சொல்லிக்கொடுத்தார். நூறு கிலோ ஏற்றினால் நாக்கில் பத்துக்குக் குறையக் கூடாது, பதினைந்துக்கு மேலே போகக் கூடாது. முழுப் பாரத்தோடு டிராலியை எடைமேடைக்குக் கொண்டுபோனார்கள். லாரி ஏறுகிற எடைமேடைக்குத் தில்லியில் தர்ம் காண்டா என்று பெயர். தர்மத்தின் முள். எழுநூறு கிலோ என்று சீட்டு வந்தது. அப்படியானால் நாக்கு எழுபதிலிருந்து நூற்றைந்துக்குள் இருக்கலாம், இடையில் உங்களுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள் பெஹன்ஜி என்றாராம் சர்தார்ஜி.

அக்கா யோசிக்கவே இல்லை. எண்பத்திரண்டு என்றார்.

இப்படித்தான் டிராலியின் நாக்கும் அக்காவும் ஒரே எடை என்று ஆனது. வீட்டுக்காரர் மட்டும் அதில் ஒரு திருத்தம் வைத்திருந்தார். டிராலி நாக்குக்குச் சரி, அவள் நாக்குக்கு எண்பத்திரண்டு காணாது என்பார். அக்கா இல்லாதபோது சொல்வார்.

கிளம்புகிற காலைகளில் செய்கிற முறை இது. எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு டிராலியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் கொடுப்பேன். கொக்கியின் உயரத்துக்குச் சரியாக வெட்டிய ஒரு மரக்கட்டை உண்டு. மெஷினைத் தரையில் வைத்து, கட்டையை அதன்மேல் நிறுத்தி, நாக்கை அந்தக் கட்டையின்மேல் இறக்க வேண்டும். நாக்கு தாழ்ந்தாலும் உயர்ந்தாலும் கணக்கு தப்பும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு சடங்கு. செருப்பைக் கழற்றிவிட்டு அக்கா முதலில் மெஷினில் ஏறுவார். முள் எண்பத்திரண்டில் நிற்கும். "ம், மெஷினு சரியா கீது," என்று இறங்குவார். பிறகுதான் நாக்கு. நாக்கு எழுபத்தைந்து காட்டினால் சிலிண்டரை முன்னால் நகர்த்துவோம். தொண்ணூறு காட்டினால் கிரைண்டரைப் பின்னால் தள்ளுவோம். எண்பத்திரண்டில் முள் வந்து நின்றதும் அக்கா ஒரு தடவை தன் வயிற்றைத் தட்டிக்கொள்வார். புறப்படலாம் என்று அர்த்தம்.

எல்லாவற்றிலும் அவர் அப்படித்தான். சமையலுக்கு உப்பு அளந்து போடுவதில்லை, அவர் நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார், அதுதான் உப்பு. வாடிக்கைக்காரர் கரிக்கிறது என்று சொன்னால் அந்த வீட்டில் யாருக்கோ பிரஷர் இருக்கிறது, போய்க் காட்டச் சொல் என்பார். அவருக்குப் பசித்தால் மணி ஒன்று. கடிகாரம் பன்னிரண்டரை காட்டினால் கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றச் சொல்வார். வருஷத்துக்கு ஒரு தடவை எங்களுக்குப் பிளாஸ்டிக் செருப்பு வாங்கித் தருவார், தன் காலில் போட்டுப் பார்த்து வாங்கியதாக இருக்கும். நான் முன்பக்கம் துணி அடைத்துக்கொண்டு நடந்தேன். செல்விக்குக் குதிகால் வெளியே நிற்கும். இதில் யாருக்கு வருத்தம் என்று கேட்டால், எங்கள் இருவர் காலும் சரியில்லை என்று அவருக்குத்தான் வருத்தம்.

"நான் மாறமாட்டன். மத்தத மாத்து." இதை அவர் கோபமாகச் சொல்ல மாட்டார். கரண்ட் பில் கட்டியாகிவிட்டது என்று சொல்வதுபோல் சொல்வார்.

மழைக்காலம் முடிந்த சமயம் ஒரு காலை, அக்கா மெஷினில் ஏறினார். முள் எழுபத்தெட்டில் நின்றது. இறங்கி மறுபடி ஏறினார். எழுபத்தெட்டு. குனிந்து மெஷினின் ஓரத்தில் இருந்த பல்சக்கரத் திருகை விரலால் தள்ளினார். ஏறினார். கொஞ்சம் கூடியது. தள்ளினார். ஏறினார். எண்பத்திரண்டு.

"முள்ளு எறங்கிப்போச்சு," என்றார். "இந்த ஈரத்துல இரும்பு இப்பிடித்தான்."

அவர் இறங்கிய பிறகு நான் மெஷினைப் பார்த்தேன். யாரும் இல்லாமல், சும்மா கிடக்கும்போதே, முள் நாலில் நின்றது. எனக்குப் படிப்பு குறைவு, ஆனால் ஒன்றுமில்லாததுக்கு நாலு கிலோ வராது என்பது தெரியும்.

"அக்கா, காலியா இருக்கப்பவே நாலு காட்டுதுக்கா."

அக்கா என்னைப் பார்த்தார். நாசிக்கிலும் சூரத்திலும் என்னை யாரெல்லாமோ பார்த்திருக்கிறார்கள், அவ்வளவு பொறுமையாக யாரும் பார்த்ததில்லை.

"கோவில்பட்டி, சும்மா இருக்கிற மெஷினு எத காட்டினா உனக்கென்னா? ஆளு ஏறினா சரியா காட்டுதா?"

"காட்டுது."

"அப்பறம் என்னா. சும்மா இருக்கிறவன் பேசறதயெல்லாம் நான் கேக்கறதில்ல. நாக்க எறக்கு."

இறக்கினேன். சிலிண்டரைக் கொஞ்சம் பின்னால் தள்ள வேண்டியிருந்தது. முள் எண்பத்திரண்டுக்கு வந்தது. வயிற்றைத் தட்டினார். புறப்பட்டோம். டிராலி ஒழுங்காக வந்தது. அதனால் அவர் சொன்னதும் சரிதான் என்று ஆகிவிட்டது. அதற்கப்புறம் மெஷினைச் சாக்குப் பையில் போட்டு அவரே வைத்துக்கொண்டார். அவர் ஏறிச் சரிசெய்த பிறகுதான் வெளியே வரும்.

அந்த வருஷம் குளிர் சீக்கிரம் வந்தது. அதாவது அக்காவுக்கு வந்தது. தீபாவளிக்கு முன்பே ஸ்வெட்டர் எடுத்துப் போட்டுக்கொண்டார். எங்களையும் போடச் சொன்னார். மத்தியான வெயிலில் அடுப்புப் பக்கத்தில் ஸ்வெட்டரோடு நின்று தோசை திருப்பிக்கொண்டிருந்த செல்வியிடம் ஒரு வாடிக்கைக்காரர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார். செல்வி தில்லியில் பிறந்தவள். "நஹி அங்கிள், அக்காவுக்குக் குளிருது," என்றாள்.

பிறகு இருமல் வந்தது. நவம்பரில் தில்லியில் இருமாதவரைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். வானம் பருப்பு கழுவிய தண்ணீர் மாதிரி இருக்கும், டிராபிக் போலீஸ்காரர் இருமுவார், நான் இருமுவேன், தெருநாய் இருமும். அக்காவின் இருமல் அந்தக் கூட்டத்தில் கலந்துவிட்டது. ஜாக்கெட் தொளதொளத்தது. டெய்லர் துணி திருடுவதை விட்டுவிட்டான் போல, இப்போது துணி அதிகமாக வைத்துத் தைக்கிறான் என்றார். வளையல் மாவுக்குள் கழன்று விழுந்தது. வளையல் விற்கிற பையா இந்தத் தடவை பெரிய சைஸ் கொடுத்து ஏமாற்றிவிட்டான் என்றார். பிக்கப்பின் முன்சீட்டில் எனக்குக் கியர் போட இடம் கிடைத்தது. சீட்டு நைந்து அகலமாகிவிட்டது என்றார். ஊரில் இருந்த எல்லாமே மாறிக்கொண்டிருந்தன. மாறாமல் இருந்தது ஒரே ஒரு ஆள்தான்.

குளிர் முற்றிய நாளில் மோதி பாக்கில் ஒரு பூணூல் கல்யாணம். நல்ல பெரிய வேலை. காலையில் வழக்கம்போல் அக்கா ஏறினார், நாக்கு இறங்கியது, எண்பத்திரண்டு, வயிற்றில் ஒரு தட்டு. தட்டின சத்தம் வேறு மாதிரி இருந்தது, ஸ்வெட்டர் என்று நினைத்தேன்.

தௌலா குவானுக்கு முன்னால் மேம்பாலத்தில் ஏறும்வரை ஒன்றுமில்லை. இறக்கத்தில் வண்டி தானாக வேகம் பிடித்தபோது ஸ்டியரிங்கில் ஏதோ தட்டியது. கண்ணாடியில் பார்த்தேன். டிராலியின் பின்பக்கம் இடதுபக்கம் எட்டிப் பார்த்தது. பிறகு வலதுபக்கம். பிறகு இடதுபக்கம், கொஞ்சம் அதிகமாக. பக்கத்தில் வந்த ஆட்டோக்காரர் எங்களைவிட்டு விலகிப் போனார். அக்கா டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார். பிரேக்கைத் தொட்டால் டிராலி எங்களைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்துவிடும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். அந்த மாதிரி நேரத்தில் சும்மா இருப்பதுதான் பெரிய வேலை. பாலம் முடிந்து தரை சமமானதும் ஆட்டம் மெல்ல மெல்ல அடங்கியது. ஓரமாக நிறுத்தினேன்.

செல்வி இறங்கி ஒரு தூணின் மேல் சாய்ந்துகொண்டு நின்றாள். அக்கா இறங்கி, டிராலியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஒரு பாத்திரமும் நகரவில்லை. சாம்பார் சிந்தவில்லை.

"வாலாட்டிடுச்சு," என்றார். அந்தச் சபதம் எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

கொக்கியைக் கழற்றி, பாலத்தடியிலேயே மறுபடி அளக்கச் சொன்னார். அவர் முதலில் ஏறினார். எண்பத்திரண்டு. நாக்கை இறக்கினேன். எண்பத்திரண்டு. முள் ஒரு இழை பிசகவில்லை. அக்காவின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது, அதோடு ஒரு குழப்பமும். அளவு சரி. அளவு சரியாக இருக்கும்போது வாலாட்டினால், அது டிராலியின் குணம். குணம் கெட்ட டிராலியை விற்றுத்தான் ஆக வேண்டும்.

நாக்கைத் தூக்கி, மெஷினைப் பைக்குள் வைக்க எடுத்தேன். மேலே ஒரு பாரமும் இல்லாத அந்த மெஷினில் முள் இருபதில் நின்றிருந்தது.

சும்மா இருக்கிற மெஷினைப் பற்றி ஒரு தடவை பேசி வாங்கிக் கட்டிக்கொண்டது போதும் என்று அதைப் பைக்குள் போட்டேன். மாட்டுவண்டி வேகத்தில் வண்டியை உருட்டிக்கொண்டுபோய், விசேஷ வீட்டில் இறக்கி, சமைத்து, பரிமாறி முடித்தோம். உப்பு அதிகம் என்று மாமி ஒருத்தர் சொன்னார். அக்கா அன்றைக்குப் பதில் பேசவில்லை. திரும்பும்போது நேராக மாயாபுரிக்குப் போகச் சொன்னார். விற்பதற்கு.

சர்தார்ஜி அவ்வளவு சுலபத்தில் வாங்குகிறவர் இல்லை. அவர் செய்த கொக்கி, அவர் சொன்ன விதி. ஓரிடத்தில் தப்பு என்றால் அது அவருடைய தப்பு. எல்லாவற்றையும் காலையில் இருந்ததுபோலவே ஏற்றச் சொன்னார். காலி டிரம்மில் தண்ணீர் பிடித்தோம். தீர்ந்த அரிசிக்கும் சாம்பாருக்கும் பதில் அதே எடைக்கு இரும்பு வைத்தோம். பக்கத்தில் பழைய இரும்பு வாங்குகிற கபாடிக்காரருடைய எடைத்தட்டை இழுத்துவந்து, கட்டையை நிறுத்தி, நாக்கை அதன்மேல் இறக்கினார்.

அறுபத்திரண்டு.

"இதுதான் விஷயம்," என்று இந்தியில் சொன்னார். எழுநூறுக்கு அறுபத்திரண்டு போதாது, வாலாட்டத்தான் செய்யும், உங்கள் மெஷினைத் தூக்கிப் போடுங்கள்.

அக்கா விடவில்லை. மெஷினைப் பழிப்பது அவரைப் பழிப்பது மாதிரி. சாக்குப் பையிலிருந்து எடுத்து வைத்து, செருப்பைக் கழற்றி, ஏறிக் காட்டினார். எண்பத்திரண்டு. "தேக்கோ பாஜி," என்றார். "நான் எண்பத்திரண்டு. மெஷினும் எண்பத்திரண்டு சொல்லுது. உங்க தட்டுதான் பொய்."

இந்த வாக்கியத்தில் பாதி தமிழ், பாதி இந்தி. சர்தார்ஜிக்குப் புரிந்தது. அவர் சிரித்துக்கொண்டே நாக்கைத் தூக்கிவிட்டு, எடைத்தட்டைக் கையால் காட்டினார். ஏறுங்கள் பெஹன்ஜி.

அக்கா ஏறினார்.

அறுபத்திரண்டு.

சர்தார்ஜி முதலில் முள்ளைப் பார்த்தார். பிறகு அக்காவை, முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி, கழுத்து, கை, தோள் என்று பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. கபாடிக்காரர் தட்டைத் துடைத்துவிட்டு என்னை ஏற்றிப் பார்த்தார். நான் ஐம்பத்தொன்று. தட்டு பொய் சொல்லவில்லை.

நாக்கும் அக்காவும் ஒரே எடைதான். அக்கா வகுத்த விதி ஒரு நாள்கூட மீறப்படவில்லை. தில்லியிலேயே அவ்வளவு சுத்தமாக அளக்கப்பட்ட டிராலி வேறு கிடையாது.

அக்கா எடைத்தட்டிலிருந்து இறங்கவில்லை. தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வேறு யாருடைய கைகளோ தவறி வந்துவிட்ட மாதிரி. செல்விதான் மெதுவாகச் சொன்னாள், "அக்கா, ராத்திரியெல்லாம் வேர்க்குதுன்னு சொன்னீங்கல்ல. டாக்டர்கிட்ட போலாம், சலோ."

"டிராலிய விக்க வேணாம்," என்றார் அக்கா. "அது வாலாட்டல. சொன்ன பேச்ச கேட்டுச்சு, அவ்ளோதான். எறங்கினது நானு."

ஆஸ்பத்திரியில் சளியை எடுத்துப் பார்த்து டி.பி. என்றார்கள். முன்பே வந்திருக்கலாமே, இருமல் எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்டாராம். அக்கா, தில்லிக்கு எத்தனை நாளாக இருமல் என்று திருப்பிக் கேட்டாராம். வீட்டுக்காரரையும் செல்வியையும் என்னையும் பரிசோதித்தார்கள். எங்களுக்கு இல்லை. எனக்கும் இருக்கும் என்றே நினைத்திருந்தேன். படுத்த இடங்களையும் குடித்த தண்ணீரையும் பார்த்தால் எனக்குத்தான் முதலில் வந்திருக்க வேண்டும்.

மாத்திரை இலவசம். ஆனால் அதிலும் ஒரு வம்பு வந்தது. அந்த மாத்திரையை நோயாளியின் எடையைப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். கனமானவர்களுக்கு நாளுக்கு அதிக மாத்திரை, குறைந்தவர்களுக்குக் குறைவு. எடை என்ன என்று நர்ஸ் கேட்டதும் அக்கா பழக்கதோஷத்தில் எண்பத்திரண்டு என்றுவிட்டார். நர்ஸ் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மெஷினைக் காட்டினார். எண்பத்திரண்டாக இருந்தால் ஆறு மாத்திரை. அறுபத்திரண்டுக்கு நாலுதான். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அக்கா இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நோய் வந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"எனக்குப் போயி நாலு குடுக்கறாங்க. பக்கத்துல நின்னவளுக்கு அஞ்சு. அவளும் நானும் ஒண்ணா?"

டாக்டர் சொல்லும்வரை அடுப்புப் பக்கம் வரக் கூடாது என்று ஆனது. முழங்கால் வலி, படுத்திருக்கிறார் என்று வாடிக்கைக்காரர்களிடம் சொன்னோம். உண்மையைச் சொன்னால் நோய் போன பிறகும் வாடிக்கை வராது. செல்வி சமைத்தாள். சில வீடுகளில் இந்தத் தடவை உப்பு அளவாக இருக்கிறது என்றார்கள். அதை நாங்கள் அக்காவிடம் சொல்லவில்லை.

அளப்பதற்குத்தான் ஆள் இல்லாமல் போயிற்று. திருகைச் சுற்றி முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் போதும் என்று நானும் சர்தார்ஜியும் சொல்லிப் பார்த்தோம். அக்கா கேட்கவில்லை. வெறும் முள்ளை நம்பக் கூடாது, அதுக்கு முன்னால் ஏறிப்பார்க்க ஒன்று வேண்டும் என்றார். இந்த ஒரு விஷயத்தில் அவர் பட்டுத் தெரிந்துகொண்டவர் என்பதால் நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். கபாடிக்காரர் தட்டில் நிறுத்து, நாற்பத்தொரு கிலோவாக இரண்டு மூட்டை அரிசி கட்டினோம். ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அக்கா. கிளம்புகிற காலைகளில் செல்வி, "அண்ணே, கீழக்கா நான் புடிக்கறேன், மேலக்காவ நீங்க தூக்குங்க," என்பாள். வீட்டுக்காரர் அந்த மூட்டைகளைப் பார்த்து, இவ்வளவு வருஷத்தில் இப்போதுதான் இவள் சத்தம் போடாமல் இருக்கிறாள் என்றார். அதைச் சொல்லிவிட்டு உள்ளே போய் அக்காவுக்கு முட்டை உரித்துக் கொடுத்தார்.

அக்கா கட்டிலில் இருந்தபடி ஒரே ஒரு உத்தரவு போட்டார். அந்த அரிசியில் யாரும் கை வைக்கக் கூடாது, உலை கொதித்துவிட்டது, வேறு அரிசி இல்லை என்றாலும். "நான் எண்பத்திரண்டு ஆவற அன்னிக்கு நானே பிரிச்சி, வடிச்சிப் போடறன். அதுவரைக்கும் அதுதான் நானு."

நான் வெயில் காலம் தொடங்கியதும் கிளம்பிவிட்டேன். சண்டை ஒன்றுமில்லை. ஒரே மேம்பாலத்தில் பல தடவை ஏறி இறங்கினால் எனக்குக் கால் அரிக்கும். சொல்லிக்கொள்ளப் போனபோது அக்கா வாசல்வரை வந்தார். மூச்சு வாங்கவில்லை. ஜாக்கெட் தோளில் நின்றது. என்னை மெஷினில் ஏறச் சொன்னார். ஐம்பத்துமூன்று. என் சோற்றில் ரெண்டு கிலோ ஏறியிருக்கிறாய், எங்கே போனாலும் இதுக்குக் கீழே இறங்காதே என்றார். அவர் எத்தனை என்று நான் கேட்கவில்லை.

அதற்கப்புறம் நான் ஓசூர் பக்கம் லாரிக்குப் போய்விட்டேன். ஒரு நாள் செல்வி போன் செய்தாள். மாத்திரை முடிந்துவிட்டது, நோய் இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார் என்றாள். அக்கா அடுப்புக்குத் திரும்பி வந்து நாளாகிறதாம். உப்பும் திரும்பி வந்துவிட்டதாம்.

"அண்ணே, நேத்து அக்கா ரெண்டு மூட்டையவும் பிரிச்சிட்டாங்க. மெஷின்ல ஏறினாங்க, எண்பத்திரண்டு. உடனே வடிச்சு எல்லாருக்கும் சோறு. பூரா வண்டு அண்ணே, சலிச்சுச் சலிச்சு என் கையே போச்சு. ஆனா மாமாகூட சாம்பார் ஊத்திக்கிட்டாரு."

இனி காலையில் நாக்குக்கு முன்னால் யார் ஏறுவார்கள் என்று கேட்டேன். இது என்ன கேள்வி, அக்காதான் என்றாள்.

எனக்கு இன்னொன்று கேட்க வேண்டியிருந்தது.

"செல்வி, மெஷின் சும்மா கெடக்கப்போ முள்ளு எங்க நிக்குன்னு பாத்துச் சொல்லேன்."

அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டே நடந்து போனது கேட்டது. சாக்குப் பை சரசரத்தது. திரும்பி வந்தபோது அவள் குரல் தாழ்ந்திருந்தது, பக்கத்தில் அக்கா இருந்திருக்க வேண்டும்.

"நாலுண்ணே."

சரி, வைத்துவிடு என்றேன். எழுநூறில் எழுபத்தெட்டு. மேம்பாலம் இறங்க அது போதும்.